சீரியல் பார்க்கிற வயர்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குத் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட தருவைகுளம் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர்தான் ஆரம்பித்தார்.

“ஆபீசுல உக்காந்து நான் டி.வி. பார்த்தேனாம், ஏளா!”

“அக்கா, யாரு சொன்னது?”

“புதுசா வந்திருக்க மேனேஜர்தான். என் கம்ப்யூட்டருக்குப் பின்னால கறுப்பா, உருண்டையா ஒரு வயர் போகும். அந்தக் காலத்து நெட்வொர்க் வயர். பார்க்கதுக்கு டி.வி. கேபிள் மாதிரியே இருக்கும். ‘சீரியல் பார்க்கவா சம்பளம்?’னு கேட்டுட்டு, கத்தரிய எடுத்து அவரே வெட்டிட்டாரு.”

“அய்யய்யோ!”

“மேசைக்கு மேசை ஒரே வயருதாம்ளா போகுது. ஒரு எடத்துல வெட்டுனா மொத்தமும் அவுட்டு. எட்டு கம்ப்யூட்டரும் நின்னுபோச்சு. கப்பல் பேப்பர் ஒண்ணும் போகல. கத்தரி அவரு கையில, ஏச்சு எனக்கு.”

“பெறவு?”

“பழைய கம்ப்யூட்டருக்கெல்லாம் புது நெட்வொர்க் கார்டு சொருகி, ஈத்தர்நெட் கேபிள் இழுத்தாச்சு. இப்ப ஆளுக்கு ஒரு தனி வயர். ஒண்ணு போனாலும் மத்தது ஓடும்.”

“அப்போ மன்னிப்பு கேட்டிருப்பாருல்லா?”

“கேட்டாரே! எல்லாரு முன்னாலயும் எங்கிட்ட வந்து சொல்லுதாரு, ‘இனிமே உங்களால யாருக்கும் தொந்தரவு இல்லம்மா’ன்னு.”