மங்காசி குருவின் வகுப்பு, அவருடைய பெட்டியருகே

மங்காசி குருவின் வேத வகுப்பை மூன்று வருடம் முன்பு பூட்டிய ஜொங்கி மூப்பரே அதைத் திறக்கச் சொல்லி இன்று காலை சபைக்குழுவிடம் கேட்டுவிட்டார், நண்பர்களே!

மேடையிலிருக்கும் போதகர் ஐயா, மூப்பர்களே, தாய்மாமன் வழி சிம்போலோன் குல உறவுகளே, சமோசிர் தீவுக்கு வெளியே இருந்து நேரலையில் பார்ப்பவர்களே, வணக்கம். செய்தியைத் துள்ளிக்கொண்டுதான் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. நேற்றுதான் குருவைப் புதைத்தோம்.

மங்காசி சிஹோத்தாங் யார்? நம் சபையின் குரு. வியாழக்கிழமைகளில் வேதம் சொல்லிக்கொடுத்தவர். அதை என் போனில் பிடித்து வெளியிட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் ஒரு பெண் கேட்டாள்.

"குரு, ஆண்டவரை வளர்த்த யோசேப்போட அப்பா யாரு? மத்தேயு யாக்கோபுங்கறாரு. லூக்கா ஏலிங்கறாரு. யாரு சொல்றது நிஜம்?"

மூன்று பாட்டன் பெயர் தெரியாதவனுக்கு விருந்தில் இறைச்சிப் பங்கு கொடுக்க யோசிக்கிற ஊர் இது. வேறு எங்காவது இந்தக் கேள்வி இவ்வளவு வலிக்குமா? குரு தலையைச் சொறிந்தார்.

"ரெண்டையும் ஒட்டவைக்க எனக்குத் தெரியலம்மா. ஒட்டும்னு பொய் சொல்லவும் வரல. மத்தேயு ஆண்டவரை ராஜா வீட்டுப் பிள்ளைங்கறாரு. லூக்கா ஆதாம் வரைக்கும் போயி, நம்ம எல்லாருக்கும் சொந்தம்ங்கறாரு. அவரு யாரோட பிள்ளைன்னு சொல்ல வந்தாங்க. பிறப்புச் சான்றிதழ் எழுத வரல."

அவ்வளவுதான். ஜொங்கி மூப்பர் கொதித்துப்போனார்.

"பாட்டன் பேரையே தப்பா சொல்ற புத்தகம்னு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்றியா? எந்திரிடா."

வகுப்பு நடந்த சபைக் கூடம் பூட்டப்பட்டது. வகுப்பு படகுத்துறைக் காபிக்கடைக்குப் போனது. இணையத்தில் பாதிப் பேர் அவரை அவிசுவாசி என்றார்கள். மீதிப் பேர் அவர் பேச்சை வெட்டி ஒட்டி வேதத்தைக் கேலி செய்தார்கள். இரண்டு பக்கமும் பதில் எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்தது. அவருக்கு மனசு ஓய்ந்தது. "விடு, தம்பி. டீ ஆறுது" என்பார்.

நேற்று என்ன நடந்தது? முற்றத்தில் சவப்பெட்டி. பக்கத்தில் குலவரிசை சொல்ல நின்றவர் ஜொங்கி மூப்பர். குருவுக்குச் சித்தப்பா முறை அவர்தானே. பெயர் பெயராகச் சொல்லி வந்தார். "என் அப்பாவோட மூத்த மகன் ஃபாவோ சிஹோத்தாங், ஃபாவோவோட மகன் மங்காசி" என்று முடித்தார்.

மேதான் நகரத்திலிருந்து வந்த ஒரு பையன், உறவுக்காரன்தான், குறுக்கே பேசினான்.

"தாத்தா, அது தப்பு. ஃபாவோ நியாஸ் தீவுக்காரரு. தச்சு வேலைக்கு வந்தவரு. சிஹோத்தாங்ங்கற குலப்பேரு பின்னாடி கொடுத்தது."

"யார்றா தப்புங்கறது? அவரு தோள்ல எங்கப்பா துணி போர்த்தி, இவன் என் மகன்னு ஊர் முன்னாடி சொன்னாரு. ஊரே பன்னி அடிச்சுச் சாப்பிட்டுச்சு. அது பொய்யா? எங்கண்ணன் பொய்யா?"

மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசுவது நம் வழக்கமில்லை. அதனால் குருவின் மனைவி ருமிந்தா அக்கா பெட்டியில் இருந்தவரிடம் சொன்னார்.

"கேட்டீங்களா? உங்க சித்தப்பா இன்னிக்கு உங்க வகுப்பை எடுக்கறாரு."

ஜொங்கி மூப்பர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். இன்று காலை குழுவிடம் போனார்.

நண்பர்களே, கூடம் இன்னும் திறக்கவில்லை. குழுவில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முடிவெடுக்கிறார்கள். வகுப்பு குருவோடு போய்விடுமா என்பது அங்கேதான் தெரியும். அவர்கள் இல்லை என்றாலும் வியாழக்கிழமை நாங்கள் காபிக்கடையில் வேதத்தைத் திறப்போம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வோம். ஆனால் அவர் உட்கார்ந்த கூடத்திலேயே அதைச் செய்ய ஆசை.

மூப்பர் பேசியதை நான் போனில் பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் தயவுசெய்து பரப்பாதீர்கள். அவர் வீட்டுத் துக்கம் அது. ஞாயிறன்று கோயில் முற்றத்துக்கு வாருங்கள், கோஷம் வேண்டாம், சும்மா நின்றால் போதும். வருகிறவர்கள் இப்போது கை தூக்குங்கள். நேரலையில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பெயரை எழுதுங்கள். குழுவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.