வித்யா பக்கத்து விருந்தாளி

— ஏட்டி வித்யா, முன்ரூம்ல கெடந்த மெத்தை எல்லாத்தையும் எவ மச்சுல கொண்டு போட்டா? சீசனுக்கு வந்த எங்க அக்கா பெட்டியையும் காணோம்.

— நாந்தான் போட்டேன். மதினி பெட்டி மச்சுலதான் இருக்கு. முன்ரூம் எனக்கு வேணும்.

— ஒனக்கு எதுக்கு முன்ரூம்? நீ நாள் பூரா அடுப்படியிலதான கெடக்க?

— எனக்கு ஒரு ஆளு வருது. என் பக்கத்து விருந்தாளி.

— யாரு, புளியங்குடியில இருந்து ஒங்க அண்ணனா? எலுமிச்சை கமிஷன் கடைய ஒரு நாளு மூடச் சொன்னா நெஞ்சப் பிடிச்சிக்கிடுவாரே அந்த மனுசன்.

— அவன் வந்துட்டாலும்! கோபியில இருந்து மயிலாத்தா அக்கா வாராவ.

— கோபிச்செட்டிபாளையத்துல நமக்கு யாருட்டி சொந்தம்?

— சொந்தம்லாம் இல்ல. குரூப்புல இருக்காவ.

— எந்தக் குரூப்பு?

— 'ரிமோட் யார் கையில்' குரூப்பு. நூறு மட்டம் சொல்லியிருக்கேன், ஒங்க காதுல ஏறினாத்தான? எந்தத் தொடர் நல்லாருக்கு, எதுல தலைய வச்சும் படுக்கக் கூடாதுன்னு பேசிக்கிடுவோம்லா.

— ஏ சவமே! செல்லுல சீரியல் கதை பேசுத பொம்பளைக்கு முன்ரூமாட்டி? டிவியில என்ன பாக்கணும்னு கோபியில இருந்து ஒருத்தி சொல்லணுமாக்கும்? ரிமோட்ட அமுக்கினா தன்னால வருது!

— ரிமோட்டு என் கையிலயா இருக்கு? ஒங்க அத்தான் வந்து எறங்கின நாள்ல இருந்து அவரு மடியில கெடக்கு. கேரளா பார்டர்ல புளியறை வரைக்கும் போயி நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிட்டு வந்து சோபாவுல சாஞ்சாருன்னா, செய்தி, செய்தி, திரும்பவும் அதே செய்தி. நான் மிளகாப்பொடி டப்பாவுல போனச் சாச்சி வச்சிக்கிட்டு, தாளிக்கிற சத்தத்துல பாதி வசனம் கேக்காம பாக்கேன்.

— சரி, சரி. அந்த மயிலாத்தா மொகத்தையாவது பாத்திருக்கியா?

— வீடியோ கால்ல பாத்திருக்கேன். ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாவ.

— ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டா நல்லவளா? கூறு கெட்டவ மாதிரி பேசாத. அவள யாரு வரச் சொன்னா?

— நாந்தான் சொன்னேன். போன வாரம் மொட்டமாடியில நின்னு மலைய வீடியோ எடுத்துப் போட்டேன். சாரல் விழுது, அருவியில தண்ணி சோன்னு கொட்டுது, எல்லாரும் கெளம்பி வாங்கன்னு பேசியும் போட்டேன்.

— அது சும்மா சொல்லுறதுட்டி! குத்தாலத்துக்குப் பக்கத்துல மேலகரத்துல இருந்துக்கிட்டு எவன்தான் சொல்லல? போன வைக்குமுன்ன 'சீசன் ஆரம்பிச்சிட்டு, குடும்பத்தோட வாங்க'ம்போம். அங்கன உள்ளவன் 'பாக்கலாம் அண்ணாச்சி'ம்பான். அதோட முடிஞ்சிட்டு. அத நெசம்னு நம்பி எவளாவது பஸ் ஏறுவாளா?

— ஒங்க ஆளுவ மட்டும் நெசம்னு நம்பி வருசா வருசம் வேன் பிடிச்சி வாராவளே?

— அவங்க சொந்தக்காரங்க.

— இவிய கோபிக்காரவிய. நம்ம ஊரு சும்மாப் பேச்சு அவியளுக்கு எப்படித் தெரியும்? வான்னு சொன்னா வந்துட்டாவ. இதுல என்ன குத்தத்தக் கண்டிய?

— வந்துட்டாவளா?

— காலையிலயே மெசேஜ் வந்துட்டு, 'வந்துட்டேன் அம்முணி'ன்னு. நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போயி கூட்டிட்டு வரணும்.

— நானா? நல்லாருக்கே! அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் ஐந்தருவிக்குப் போயிருக்காவ. மத்தியானம் வந்து எலையப் போடும்பாவ. அருவியில நின்னுட்டு வந்தா ஆளு அண்டாவத் திம்பான். நீ சமையலப் பாப்பியா, மயிலாத்தாளப் பாப்பியா?

— ரெண்டையும் பாப்பேன். இத்தன வருசம் பாக்கலியா?

— ஏட்டி, நில்லு. அந்தக் கூட்டத்துல வேற என்னத்தயெல்லாம் சொல்லி வச்சிருக்க?

— பொதுவாப் பேசுறதுதான். காலையில என்ன டிபனு, எந்தத் துணி காயல, யாரு வீட்டுல கரண்டு போயிட்டுன்னு. ஒருத்தி வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சி, அதப் பத்தி ரெண்டு நாளு பேசுனோம்.

— எங்க அக்காவப் பத்தி?

— பல்செட்டு விசயம் மட்டும்தான்.

— பல்செட்டா!

— ராத்திரி டம்ளர்ல ஊறப் போட்டிருந்தாவல்லா. அத ஒரு ஆளு தண்ணின்னு நெனச்சி எடுத்துக் குடிச்சிட்டாரே.

— ஏட்டி! அது கோபி வரைக்குமா போயிட்டு?

— மஸ்கட்ல ஒருத்தி இருக்கா. அவ சிரிச்ச சிரிப்புல அவ வீட்டுக்காரரு என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாராம்.

— குடும்ப மானத்த இப்படிக் கப்பல் ஏத்திட்டியே, மூதி! இனி ஒரு நிமிசம் யோசிக்கதுக்கில்ல. போனப் போட்டுச் சொல்லு. வீட்டுல வெள்ளையடிக்கோம், எடமில்ல, அப்படியே அருவியப் பாத்துட்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கன்னு.

— சொல்ல மாட்டேன்.

— சொல்லுட்டி!

— மாட்டேங்கேன். போன ஆடியில காய்ச்சல்ல கெடந்தேனே, ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? அன்னைக்கு நான் புரோட்டா வாங்கிட்டு வந்தேம்லா.

— எல்லாருக்கும் வாங்கிட்டு வந்திய. வித்யா, ஒனக்கு ரெண்டு வாய் கஞ்சி வேணுமான்னு கேட்டியளா? மயிலாத்தா அக்கா கேட்டாவ. மாத்திரை போட்டியா, கஞ்சி குடிச்சியான்னு மாத்தி மாத்திக் கேட்டாவ. ஒரு தொடர் பேரு சொல்லி, 'இது லேசான கதை, கண்ணு வலிச்சாப் பாக்காத, காதுல கேட்டுக்கிட்டே கெட, தூங்கிட்டாலும் கதை ஓடிராது'ன்னாவ. அதக் கேட்டுக்கிட்டேதான் தூங்குனேன். எனக்கு அழுகையா வந்துட்டு அன்னைக்கு.

— காய்ச்சலடிச்சா என்ட்டச் சொன்னாத்தான எனக்குத் தெரியும்?

— ஒரே வீட்டுல இருக்கிற ஆளுக்கு எப்படிங்க சொல்ல? நெத்தியத் தொட்டா தெரியாதா? இந்தா பாருங்க. கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து இந்த வாசல்ல செருப்பக் கழட்டுன விருந்தாளி எல்லாம் ஒங்க ஆளு. அத்தன பேருக்கும் வடிச்சிக் கொட்டியிருக்கேன், மொகம் சுளிச்சிருக்கனா? என்னயப் பாக்கணும்னு வார மொத ஆளு இவியதான். அவியளுக்கு முன்ரூம் குடுக்கணும். மெத்தையில படுக்க வைக்கணும். வாசல்ல வச்சே திருப்பி விட்டா, பெறகு நான் எந்த மொகத்தோட அந்தக் குரூப்புல பேச?

— டிவிக் குரூப்புல பேசலன்னா குடியா முழுகிரும்?

— எனக்கு முழுகிரும்.

— இந்தா, போன் அடிக்கி. குடு அத. நான் பேசுதேன்.

— விடுங்க! என் போனு!

— நீ அடுப்பப் பாரு. நான் நயமாச் சொல்லிக்கிடுதேன்.

— அப்பம் ஸ்பீக்கர்ல போடுங்க. என்ன சொல்லுதியன்னு நானும் கேக்கணும்.

— போட்டாச்சி, போட்டாச்சி. அலோ!

— அம்முணி, நாந்தாங் மயிலாத்தா.

— அம்முணி இல்ல. அவ வீட்டுக்காரரு, நம்பிராஜன் பேசுதேன்.

— அடடே, தம்பிங்களா! வணக்கமுங். அன்னிக்கு அந்த டம்ளர்த் தண்ணியக் குடிச்சீங்களே, வயித்துக்கு ஒண்ணும் பண்ணலீங்களே?

— அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. வந்து… என்னன்னா, நம்ம வீட்டுல இப்பம் வெள்ளையடிக்கோம். ஒரே தூசி. தப்பா நெனைக்காதீங்க—

— ஏனுங் தம்பி, அக்கா வூட்டு ஆளுங்க அத்தன பேர வெச்சுட்டா வெள்ளையடிக்கறீங்?

— அதுவும் தெரியுமா?

— காத்தால இடியாப்பம் பத்தாமப் போயி உங்களுக்கு உப்புமாக் கிண்டுனது வரைக்கும் தெரியுமுங். நீங்க சங்கடப்பட வேண்டாமுங். நான் உங்க வூட்டுல தங்க வரலீங்.

— பெறகு?

— நேத்தே வந்து குத்தாலத்துல ரூம் போட்டுட்டனுங். ரெண்டு கட்டலு, சொவத்துல பெரிய டிவி. ஒரு கட்டலு எனக்கு, ஒண்ணு அம்முணிக்கு.

— அவளுக்கு எதுக்கு? வீடு இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கையில அவ எதுக்கு லாட்ஜ்ல படுக்கணும்?

— ஏனுங், அம்முணி அந்த மலை வீடியோ போட்டப்ப, நீ அருவியில குளிச்சியா சாமின்னு கேட்டனுங். கல்யாணமாயி வந்ததுலருந்து சீசன்ல ஒருக்காக் கூடப் போனதில்லைன்னா. குளிக்க வர்றவிங்களுக்குச் சமைக்கோணுமேன்னா. எனக்கு அன்னிக்கிப் பூரா சோறே எறங்குலீங். அவ கூப்பிட்டா, நான் வந்துட்டேன். இப்ப நான் கூப்புடறேன், அவளை ரெண்டு நாளைக்கி எங்கோட அருவிக்குத் தாட்டி உட்டுருங். வாசல்ல ஆட்டோ சத்தம் கேக்குதுங்களா? நாந்தேன்.

— ஏட்டி… கேட்டியா கூத்த? வித்யா, இங்க பாரு. முன்ரூமையே குடுத்துருதேன். நானே மச்சுல இருந்து மெத்தையத் தூக்கிட்டு வாரேன். அவியள உள்ள வரச் சொல்லு. அவிய இங்கனயே இருக்கட்டும், நீயும் இங்கனயே இரு.

— மயிலாத்தா அக்கா, வாசல்லயே ஒரு நிமிசம் நில்லுங்க. மாத்துச்சேலையும் துண்டும் எடுத்துக்கிட்டு வந்துருதேன்.

— துண்டா? ஏட்டி, அடுப்புல பருப்பு கெடக்கு!

— விசில் வந்தா நிப்பாட்டுங்க. தேங்கா துருவி வச்சிருக்கேன், அரைக்க வேண்டியதுதான்.

— நானா அரைக்கணும்? இந்தா, வெளையாடாத. அக்கா பசியோட வந்து, வித்யா எங்கலேன்னு கேட்டா நான் என்னட்டி சொல்ல?

— குளிக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க.