நாற்றத்தில் நின்றவர்

என் தங்கை வீட்டில் பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்ப்பது எப்போதும் தங்கையின் வேலை. மாப்பிள்ளையிடம் விட்டால் திரிந்த பாலில் டீ போட்டுக் குடித்துவிட்டு, ஏதோ போல இருக்கிறதே என்று பிறகுதான் டம்ளரைப் பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்திருந்தார். போகும்போது அந்தக் காய்ச்சல் அவருடைய மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

“இவருக்கு ரோஜாப்பூவும் ஒண்ணுதான், ரோட்டுச் சாக்கடையும் ஒண்ணுதான்” என்பாள் தங்கை.

“அதனாலதான் உன் சமையலைக் குத்தம் சொல்லாம சாப்பிடறேன்” என்பார் அவர்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்றிலிருந்து இந்த ஸ்டேஷனில் முன்பகை ஏதாவது உண்டா என்று நீங்கள் துருவித் துருவிக் கேட்கிறீர்கள். சொத்துத் தகராறா, கொடுக்கல் வாங்கலா, தங்கையை அடித்தாரா என்றெல்லாம். ஒன்றும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் நான் சொல்கிற ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். உங்கள் சந்தேகத்தில் எனக்கு வருத்தமில்லை. சந்தேகப்படத்தான் உங்களுக்குச் சம்பளம். எனக்கும் அப்படித்தான் இருபத்திரண்டு வருடமாகக் கொடுத்தார்கள்.

பயிருக்கு அடிக்கிற மருந்துகளை விற்பனைக்கு விடலாமா என்று பார்த்துச் சொல்லும் அலுவலகம் எங்களுடையது. கம்பெனி கட்டுக்கட்டாகத் தாள் அனுப்பும். எலிக்குக் கொடுத்தோம், எலி நன்றாக இருக்கிறது. முயலின் தோலில் தடவினோம், முயல் நன்றாக இருக்கிறது. அந்தத் தாள்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது என் வேலை. இரண்டாவது மாடியில், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலோரம் என் மேஜை. பிரிவில் என்னை ‘பூதக்கண்ணாடி’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். ஆனாலும் கேட்கும்.

போன வருடம் பன்றி விரட்டி மருந்தின் கோப்பு வந்தது. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி தின்றுவிடாமல் இருக்க வயலைச் சுற்றித் தெளிப்பது. ஆட்டுக்கொழுப்பைக் காய்ச்சி வடித்த பழுப்பு எண்ணெய். மாதிரிப் பாட்டிலை மூன்று உறை போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள், அப்படியும் எங்கள் பிரிவில் அன்று பாதிப் பேர் அரை நாள் லீவு போட்டார்கள். கொழுப்பினால் கெடுதல் இல்லை. மழையில் கழுவிப் போகாமல் இலையைப் பிடித்துக்கொள்ள ஒரு பசையைக் கலந்திருந்தார்கள். என் சந்தேகம் அந்தப் பசையின் மேல். கையில் பட்டால் சாது. ஆனால் மோட்டார் தெளிப்பானில் நுண்ணிய துளியாகி நெஞ்சுக்குள் போனால், இலைமேல் படிகிற மாதிரியே நுரையீரலிலும் படியும் என்று எனக்குத் தோன்றியது.

கோப்பில் மூச்சுவழி ஆய்வே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் இருந்தது. “தாங்கமுடியாத துர்நாற்றம் காரணமாக எவரும் தெளிப்புக்குள் தொடர்ந்து நிற்கமாட்டார்கள், எனவே இவ்வாய்வு தேவையற்றது.” நாற்றம் பன்றியை விரட்டும், மனிதனையும் விரட்டிக் காப்பாற்றும். எவ்வளவு சௌகரியமான வாக்கியம் பாருங்கள். அதை எழுதியவன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவியிடம் போனேன்.

“மேடம், இது ஆய்வு இல்ல, சாக்கு” என்றேன்.

“சாக்குதான். ஆனா நல்ல சாக்கு” என்றார் அவர். “உங்களால அந்த நாத்தத்துல பத்து நிமிஷம் நிக்க முடியுமா?”

“என்னால முடியாது. யாராவது நிப்பாங்க.”

“யாரு? உங்க சந்தேகத்தை நான் கோப்புல வெக்க முடியாது. நிக்கிற ஆளைக் காட்டுங்க, நம்பரைக் காட்டுங்க. நானே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பறேன்.”

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தெருச் சாக்கடை அடைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க ஜன்னல்கள் மூடியிருந்தன. மாப்பிள்ளை மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டு, “உக்காருங்க மச்சான், காத்து நல்லா வருது” என்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய தொழில் உங்களுக்குத் தெரியும். முதுகில் மோட்டார் தெளிப்பானை மாட்டிக்கொண்டு கூப்பிட்டவர் வயலில் மருந்தடிப்பது. அந்தக் கம்பெனியின் சோதனை வயலில் மருந்தடிக்க வந்த நான்கு பேர் ஒரே வாரத்தில் ஓடிவிட்டார்கள், ஒருவர் வரப்பிலேயே வாந்தி எடுத்தாராம். வயல் மேற்பார்வையாளர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் ஒரு போன் நம்பரைக் கொடுத்தேன். ஒருவருக்கு வேலை வாங்கிக் கொடுப்பது குற்றமில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றமில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் அடித்தார். அவருக்கு ஒரே பெருமை. “எல்லாரும் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிட்டாங்க மச்சான், நான் ஒருத்தன்தான் நின்னேன்” என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தங்கைக்குத்தான் கஷ்டம். அவர் சட்டையைக் குச்சியால் எடுத்துத் தனி வாளியில் போட்டாள். அவரை வெளி அறையில் படுக்கச் சொன்னாள். முதல் வாரமே ஒரு துணி முகமூடி வாங்கிக் கொடுத்தாள். அதைக் கட்டக்கூடாது என்றேன். துணி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டால் இன்னும் கெடுதல் என்றேன். அது உண்மை, எங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. நல்ல முகமூடி வேறு உண்டு என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஊதுகுழாய். என் மேஜை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்தீர்களே, முள் வைத்த பிளாஸ்டிக் குழாய், அதுதான். ஆஸ்துமாக்காரர்கள் மூச்சின் வேகம் பார்க்க வைத்திருப்பது, மருந்துக்கடையில் கிடைக்கும். ஞாயிறுதோறும் எடுத்துக்கொண்டு போனேன். விளையாட்டுப் போலத்தான். தங்கை ஊதுவாள், நான் ஊதுவேன், மாப்பிள்ளை ஊதுவார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தடிக்காத ஆட்கள் வேண்டும் இல்லையா, அதற்குத் தங்கையும் நானும். முதல் ஞாயிறு அவர் 560. நான் 410. “ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் தின்னா இப்படித்தான்” என்று என்னைக் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். நானும் மனதாரச் சிரித்தேன்.

மூன்றாம் வாரம் 530. ஐந்தாம் வாரம் 470. தங்கையும் நானும் இருந்த இடத்திலேயே இருந்தோம். இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு சுத்தமான எண்களை நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை பேச ஆரம்பித்தால் கமா கூடப் போடமாட்டார் என்று தங்கை சொல்வாள். ஏழாம் வாரத்திலிருந்து கமா வந்தது. ஆறேழு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே கதை கேட்டேன். ஒன்பதாம் வாரம் அது நான்கு சொல்லாகிவிட்டது. கதை என்ன என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

ஒரு நாள் தங்கை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

“அண்ணா, அந்த மருந்து ஒண்ணும் பண்ணாதுல்ல?”

“ஏன் கேக்கற?”

“ஒவ்வொரு வாரமும் அந்தக் குழாயைக் கொண்டாந்து ஊதச் சொல்றீங்க. அவர் ஊதினதும் பாத்ரூமுக்குப் போறீங்க. ஏதோ எழுதறீங்களோன்னு தோணுது.”

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்றேன். அவள் குழாயை மூடினாள். என்னை நம்பினாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அண்ணன். அவள் பத்தாவது படிக்கும்போதிலிருந்து அந்த வீட்டில் எது சரி எது தப்பு என்று சொல்லி வந்தவன் நான்தான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் காலையிலிருந்து அதைக் குப்புற வைத்திருக்கிறீர்கள், நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க. நிமிர்த்தி வைக்கலாம், கையெழுத்து என்னுடையதுதான்.

ஆறாம் வாரம் கம்பெனி அந்தக் கோப்பை வாபஸ் வாங்கிக்கொண்டது. படிக்கட்டில் ஏறும்போது பிரிவுத் தலைவிதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பன்றிகளுக்கு அந்த நாற்றம் பழகிவிட்டதாம். ஒரு மாதம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஐந்தாவது வாரத்தில் குட்டிகளோடு வந்து நிம்மதியாகச் சோளம் தின்றுவிட்டுப் போயினவாம். “உங்க சந்தேகத்துக்கு வேலை இல்லாமப் போச்சு” என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

சோதனை வயலின் கொட்டகையில் ஒன்பது பீப்பாய் மருந்து மீதி இருந்தது. அழிக்கத் திருப்பி அனுப்புவதா, என்ன செய்வது என்று மேற்பார்வையாளர் எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். “மீதியை ஏற்கெனவே வகுத்த திட்டப்படி தெளித்து முடிக்கலாம்” என்று பதில் எழுதினேன். அதுதான் உங்கள் கையில் இருப்பது.

வாபஸ் ஆன மருந்தை எதற்குத் தெளிக்க வேண்டும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பசை எங்கேயும் போய்விடவில்லை. நாளைக்கு வேறு கம்பெனி வேறு மருந்தில் அதைக் கலந்துகொண்டு வரும். அப்போதும் எவனோ ஒருவன் சௌகரியமாக ஒரு வாக்கியம் எழுதுவான், மேடம் அப்போதும் ஆளைக் காட்டு என்பார். இப்படிப்பட்ட ஆய்வுக்குத் தொண்ணூறு நாள் வேண்டும் என்பது விதி. நாற்பது நாளில் நிறுத்திய அட்டவணையை யாரும் சீந்தமாட்டார்கள். நாற்பது நாள் அவர் நின்றது வீணாகிவிடும். அவருடைய உழைப்பை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

பத்தாம் வார ஞாயிறு 310. ஊதிவிட்டுக் குழாயை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மச்சான்... நாளைக்குப் போகட்டுமா... வேண்டாமா?” என்றார். “நீங்க சொன்னா... சரி.”

“போங்க மாப்பிள்ளை, பயமில்ல” என்றேன்.

எழுபத்தேழாவது நாள் வயலோரத்தில் விழுந்தார். தகவல் கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கை வார்டு வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் சின்ன வயது, கெட்டிக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது சாதாரண சளி மாதிரி இல்லையே. என்ன மருந்து அடிச்சாரு? அதுல என்னல்லாம் இருக்கு?” என்று கேட்டார்.

தங்கை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “எங்க அண்ணாவைக் கேளுங்க டாக்டர். அவருக்குத்தான் தெரியும், அவர் வேலையே அதுதான்.”

இது உங்கள் கோப்பில் இல்லை, நானாகத்தான் சொல்கிறேன். பசையின் பெயர் ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். அந்த மாதிரிப் படிவுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்கும், எனக்கே தெரியும். ஆனால் சரியான சிகிச்சை நடுவில் புகுந்தால், எது பசையால் வந்தது, எது சிகிச்சையால் தேறியது என்று பிரிக்கவே முடியாது. மொத்த அட்டவணையும் குழம்பிவிடும். எங்கள் அலுவலகத்தில் எதையும் பாதுகாப்பானது என்று எழுதமாட்டோம். ஏற்கமுடியாத ஆபத்து கண்டறியப்படவில்லை என்றுதான் எழுதுவோம், அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பயம். நான் டாக்டரின் முகத்தைப் பார்த்து, “அது பாதுகாப்பான மருந்துதான்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நிமோனியாவுக்கு ஊசி எழுதினார். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள், நிம்மதியில்.

நான்கு நாள் கழித்து விடியும் நேரத்தில் மாப்பிள்ளை போய்விட்டார். அழுதேன். அங்கே நின்ற யாரும் என்னைவிட அதிகமாக அழவில்லை, தங்கையைக் கேட்டால் அவளே சொல்வாள். அன்றைக்கு எண்பத்தோராவது நாள். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் கொஞ்சம் தாக்குப் பிடித்திருக்கலாம்.