முப்பத்தேழு என்று எழுதியிருந்த ரிம்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் நானே எழுதிக் கொடுத்தபடி. வயது எழுபத்தொன்று. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவ ஆய்வகத்தில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். சக்கரக் கடை முதலாளி என்மீது கொடுத்துள்ள திருட்டுப் புகாரைப் படித்துப் பார்த்தேன். என் பதில் பின்வருமாறு.

என் காரைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஓட்டும் ஓட்டுநருக்கு வயது ஐம்பத்தெட்டு. சென்ற ஆண்டு அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஒருநாள் டயர் பஞ்சராகி, ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டியவர் வயிற்றைப் பிடித்தபடி சாலையோரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். காரின் இரும்பு ரிம்களும் துருப்பிடித்திருந்தன. எடை குறைந்த அலாய் ரிம் மாற்றுவது என்று அன்றே முடிவு செய்தேன். அவர் கேட்கவில்லை, நானாகச் செய்த முடிவு.

அதன் பிறகு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு, வீட்டிலிருந்த எடை பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு புகார்தாரரின் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். பழைய ரிம் எட்டு கிலோ எண்ணூறு கிராம். இருப்பதிலேயே லேசானது என் சக்திக்கு மீறியது. மலிவாகக் காட்டியதில் ஒன்று இரும்பைவிடக் கனம். நடுத்தர விலையில், லேசானது என்று முதலாளி காட்டிய ஒன்று ஆறு கிலோ நானூறு கிராம் இருந்தது. அதன் துளைகளின் இடைவெளியையும், உட்புறத்தில் பொறித்திருந்த தாங்கும் எடையையும் காரின் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரி பார்த்து, நான்கையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தேன். முதலாளி பில் போடப் போனபோது நான்கின் உட்புறத்திலும் சிவப்பு நெயில் பாலிஷால் 37 என்று எழுதினேன். நெயில் பாலிஷ் நான் பூசிக்கொள்வதற்காக வைத்திருப்பதல்ல. கான்வென்ட் விடுதியில் என் எண் 37. துணி, தட்டு, செருப்பு எதில் அந்த எண் இல்லாவிட்டாலும் அது நம்முடையதல்ல. இன்றும் என் சாவிக்கொத்திலும் குடையிலும் அது இருக்கிறது.

அதன் பிறகு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட முதலாளி, "பாட்டிம்மா, இங்க ஒரே தூசி. உள்ள ஏசில உட்காருங்க, மாட்டிட்டுக் கூப்பிடறேன்" என்றார். ஓட்டுநரைத் தேநீர் குடித்துவிட்டு வரும்படி அனுப்பினார். நான் உள்ளே உட்கார்ந்து நாற்பது நிமிடம் செய்தித்தாள் படித்தேன். வெளியே வந்தபோது நான்கு சக்கரங்களும் பூட்டியிருந்தன. பூட்டிய சக்கரத்தின் உட்புறம் வெளியே தெரியாது.

அதன் பிறகு பதினேழாம் நாள் மறுபடியும் பஞ்சர். கழற்றிய சக்கரத்தை டிக்கியில் தூக்கி வைத்த ஓட்டுநர் என் ஜன்னலருகே வந்து, "அம்மா, இதுவும் பழசு மாதிரியே கனமாத்தாம்மா இருக்கு" என்றார். "நாலையும் நானே நிறுத்திருக்கேன். உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு" என்றேன். அவர் டிக்கியைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தார். நான் இறங்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இறங்கவில்லை.

இந்த மாதம் நான்காம் தேதி காலை பத்தரை மணிக்குக் கண் மருத்துவரிடம் போகும் வழியில், வளைவில் முன்பக்க இடது சக்கரம் சத்தத்தோடு உடைந்து, கார் இழுத்துக்கொண்டு போய்ப் பேருந்து நிறுத்தத்தின் தூணில் மோதியது. நான் பின்னிருக்கையில் இருந்தேன். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. என் காரில் தாண்டுவதில்லை. அங்கே நின்றிருந்த ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. ஓட்டுநருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக அவர்மீது வழக்குப் பதிவாகி, உரிமமும் வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உரிமம்தான் அவர் வீட்டுச் சோறு.

அதன் பிறகு இன்று காலை இந்தக் காவல் நிலைய வளாகத்தில் நிற்கும் காரை வந்து பார்த்தேன். உடைந்த ரிம்மின் இரண்டு துண்டுகளிலும் 37 இல்லை. பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய வெல்டிங் தழும்பு இருந்தது. எழுத்தரிடம் காட்டினேன். கோர்ட்டில் சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு நேராகக் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் ஒருவருக்கு முதலாளி நான் வாங்கியது போன்ற நான்கு ரிம்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றைத் திருப்பினேன். 37 இருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"அது கம்பெனி நம்பர், பாட்டிம்மா."

"எந்தக் கம்பெனிப்பா நெயில் பாலிஷ்ல நம்பர் போடுது?"

வாடிக்கையாளர் போய்விட்டார். நான் அந்த ரிம்மைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். முதலாளி கத்தினார். எழுபத்தொரு வயதில் அதைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறி இங்கே வந்து சேர முடிந்தது. லேசானது என்று அவர் சொன்னது மட்டும் பொய்யில்லை.

ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வயோதிகம் காரணமாக மறதியாக எடுத்து வந்துவிட்டேன் என்று சொன்னால் முதலாளி புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார் என்று இங்கே எனக்குச் சொல்லப்பட்டது. அப்படி ஒரு வரியும் எழுதப்பட்டிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன். நான் எதையும் மறக்கவில்லை. தெரிந்தே எடுத்தேன். அதற்கு என்ன தண்டனையோ அதை எழுதுங்கள். ஆனால் அந்த ரிம் கடைக்காரர் கைக்குத் திரும்பிப் போகக் கூடாது. ஓட்டுநரின் வழக்கில் சாட்சிப் பொருளாகச் சேர்க்க வேண்டும். காரில் மிச்சமுள்ள மூன்று சக்கரங்களையும் என் முன்னால் கழற்றி உட்புறம் பார்க்க வேண்டும். அதுவரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். சக்கரம் கனமாக இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னது சரி. நான் சொன்னது தவறு. இதை இன்னும் அவரிடம் நேரில் சொல்லவில்லை.

மேலே உள்ளது நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு நானே இரண்டு முறை படித்தேன். அடித்த வரியைத் தவிர அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)