ஏரிக்கரையில் ஒரு பெரட்டு

அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து முழங்கால் வரை பூசிக்கொண்டால் போதும். உப்பு வேலைக்காகாது, வியர்வையில் கரைந்துவிடும். இதை நான் புறப்படும்போதே சப்பான்காரர்களிடம் சொன்னேன். கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆறு சிப்பாய்களும் காலைச் சொறிந்துகொண்டு என்னை முறைத்தார்கள். என்னைக் கேட்டுச் செய்திருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது. யாரும் என்னைக் கேட்பதில்லை. அதுதான் என் எரிச்சல்.

என் பெயர் குலசிங்கம். தாப்பாவுக்குக் கிழக்கே மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தேன். தினமும் விடியும்போது ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவேன். கூப்பிட்டவன் 'ஐயா' என்று குரல் கொடுத்து வரிசைக்கு வர வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு அவனுக்கு வேலை கிடையாது. இதில் நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. காட்டினால் தோட்டம் சந்தைக்கடை ஆகிவிடும்.

யுத்தம் முடிந்த பிறகு ஈப்போவிலிருந்து வந்து நீங்கள் விசாரிக்கும் காரியம் நாற்பத்து மூன்றில் நடந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை எங்கள் தோட்டத்திலிருந்து பதினைந்து பேர் போனார்கள். ஒருவனிடமிருந்தும் ஒரு கடுதாசி வரவில்லை. பிறகு இன்னும் இருபது பேர் வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த திங்கட்கிழமை களத்துக்குப் போனேன். பத்துமலை என்றேன், பதில் இல்லை. இராமசாமி என்றேன், இல்லை. இருபத்திரண்டு ஆண்களைக் காணவில்லை. பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் வெறுங்காற்றைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். இவர்களுக்கு ஊர்க்கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு எழுதியவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆள் பிடிக்க வந்த சப்பான் சார்ஜன்ட் லயத்தில் ஒவ்வொருவராக விசாரித்தான். பெண்கள் அறை வாங்கினார்கள். சன்னாசியின் மனைவி மாரியம்மாளுக்கு உதடு கிழிந்தது. எல்லோரும் தெரியாது என்றே சொன்னார்கள். கடைசியில் என்னைப் பார்த்தான். அவர்கள் ஒளிந்திருக்கும் இடத்துக்கு வழி தெரியும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அந்த வழி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சப்பான்காரன் முதலில் வந்தபோது, வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்த எழுத்தர்களைத் தேடுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. நான் நடுங்கிப்போயிருந்தேன். மலையில் பிரம்பு வெட்டிப் பழகிய சன்னாசிதான் வந்து, மேலே ஒரு ஏரி இருக்கிறது, போய்விடலாம் என்றான். என் மனைவி புனிதவதி அப்போதுதான் நச்சுக் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாள். அவளால் பத்தடி நடக்க முடியாது. சன்னாசியும் உடையப்பனும் மாற்றி மாற்றி முதுகில் சுமந்தார்கள். செம்மண் சரிவில் கால் வழுக்கிவிடக் கூடாதென்று சன்னாசி முன்னால் ஏறி, மண்வெட்டியால் படி வெட்டிக்கொண்டே போனான். லயத்து ஆண்கள் சிலரும் கூட வந்தார்கள். இரண்டு நாள் நடை. ஏரிக்கரையில் பதினோரு நாள் இருந்தோம். அவித்த மரவள்ளியை முதலில் எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் தின்றார்கள்.

நன்றி கெட்டவன் என்று என்னைச் சொல்ல முடியாது. என்னால் ஆனதை நானும் செய்தேன். காட்டில் கிடந்தால் மனிதன் ஒழுங்கு கெட்டுப்போவான். அதனால் அங்கேயும் தினமும் காலையில் ஏரிக்கரையில் பெரட்டு எடுத்தேன். சிரித்தார்கள், ஆனாலும் குரல் கொடுத்து வந்து நின்றார்கள். பன்னிரண்டாம் நாள், கீழே எல்லாம் அடங்கிவிட்டது என்று மலைவாசி ஒருவர் செய்தி கொண்டுவந்தார். நான் பெயர் கூப்பிட்டு, எல்லோரும் வரிசைக்கு வந்த பிறகு, இறங்கலாம் என்றேன். சேதமில்லாமல் வீடு திரும்பினோம்.

நாற்பத்து மூன்றில் அதே வழியில்தான் சார்ஜன்டையும் சிப்பாய்களையும் கூட்டிப்போனேன். ஓடையோரமாக அரைநாள், பிறகு மூங்கில் காடு, பிறகு பிரம்பு முள். பிரம்பு முள் சட்டையில் மாட்டினால் பின்னால் நகர்ந்து எடுக்க வேண்டும். இவர்கள் முன்னால் இழுத்துக் கிழித்துக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். என் முழங்கால் வேறு வலித்தது. செம்மண் சரிவில் சன்னாசி வெட்டிய படிகள் அப்படியே இருந்தன. புல் மட்டும் முளைத்திருந்தது. அவை இல்லாவிட்டால் அந்தச் சப்பாத்துகளோடு சிப்பாய்கள் ஏறியிருக்கவே மாட்டார்கள். நல்ல வேலைக்காரன் என்று சார்ஜன்டிடம் சொன்னேன்.

ஏரியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கறுத்த தண்ணீர், சுற்றிலும் மூங்கில் புதர். பத்தடி உள்ளே போனால் ஆள் தெரியாது. சிப்பாய்கள் ஒரு மணி நேரம் குத்திக் குடைந்து பார்த்தார்கள். மண் போட்டு மூடிய சாம்பல் மட்டும் கிடைத்தது. சார்ஜன்ட் களைத்து உட்கார்ந்தான். நியாயமான மனிதன், எனக்குக்கூட ஒரு சிகரெட் கொடுத்தான். இங்கே யாரும் இல்லை, அப்படியே எழுதிவிடு, வேறு தோட்டத்தில் ஆள் பிடித்துக்கொள்கிறேன் என்று அரைகுறை மலாயில் சொன்னான்.

புத்தகம் என் கையில் இருந்தது. எழுதியிருக்கலாம். ஆனால் இல்லாதவனைத்தான் இல்லை என்று எழுத முடியும். நாற்பதடி தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை எப்படி இல்லை என்று எழுதுவது? அதுவுமில்லாமல், இரண்டு நாள் முள்ளிலும் அட்டையிலும் ஏறி வந்தவன் நான். அவர்கள் புதருக்குள் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கிராணி ஏமாந்து திரும்புகிறான் என்று பேசிக்கொள்வார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

சிப்பாய்கள் வந்த வழியே இறங்கிப்போவதுபோல் போய் மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று சார்ஜன்டிடம் சொன்னேன். துப்பாக்கியைக் கண்டால் ஜனங்கள் பயப்படுவார்கள். போனார்கள். கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு கரையில் தனியாக நின்று புத்தகத்தைத் திறந்தேன்.

பத்துமலை என்றேன். குரல் இல்லை. ஒரு பெயரை இரண்டு தடவை கூப்பிடுவது என் வழக்கமில்லை. இராமசாமி என்றேன். இடப்பக்கத்து மூங்கிலிலிருந்து மெதுவாக 'ஐயா' என்று வந்தது. உடனே பத்துமலை தட்டுத்தடுமாறி ஓடிவந்தான்.

"நான் இருக்கேங்கய்யா. மொதல்ல வாய் வரல. வரலைன்னு எழுதிறாதீங்க."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சேறும் தாடியுமாக, ஆனால் வரிசை கோணாமல் நின்றார்கள். உடையப்பன் பெயருக்குச் சன்னாசி குரல் கொடுத்தான்.

"அவனுக்குக் காச்சலுங்கய்யா. அந்தப் பாறைக்குப் பின்னால படுத்திருக்கான். பேரைப் போட்டுக்கிருங்க." கடைசியாகத் தன் பெயருக்கு வந்து நின்றவன் சிரித்தான். "எல்லாம் அடங்கிருச்சுங்களா? எறங்கிறலாமா?"

"வரிசையில நில்லு, சன்னாசி" என்றேன். அடங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பொய் சொன்னதாக என்மேல் யாரும் பழி போட முடியாது.

புத்தகத்தை மூடிக் கையை உயர்த்தினேன். சிப்பாய்கள் வந்தார்கள். உடையப்பனைப் பாறைக்குப் பின்னாலிருந்து தூக்கி வந்தார்கள். கையைக் கட்டும்போது சன்னாசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"அம்மா சொகமா இருக்காங்களா ஐயா?" என்று கேட்டான்.

சுகம் என்றேன்.

சயாமிலிருந்து நான்கு பேர் திரும்பினார்கள். சன்னாசி வரவில்லை. உடையப்பன் ரயில் ஏறுவதற்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனான். நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது புனிதவதி சமையலறையில் இருந்தாள். "அவையள் என்னை முதுகிலை சுமந்தவையள்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு போடுகிறாள், போய்விடுகிறாள். என் பக்கத்து நியாயத்தைக் கேட்க வீட்டிலும் ஆள் இல்லை.

துப்பாக்கி முனையில் செய்ததாக எழுதட்டுமா என்று கேட்டீர்கள். என்மேல் இரக்கப்பட்டுக் கேட்கிறீர்கள், தெரிகிறது. வேண்டாம். என்னை யாரும் மிரட்டவில்லை. திரும்பிப் போகலாம் என்றுதான் அவன் சொன்னான். இருபத்திரண்டு பேரையும் பிடித்துக் கொடுத்தது நான்தான், தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு நான் கூப்பிட்டதில் ஒருவன்கூடக் குறையவில்லை. பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பெரட்டு எனக்கு அமைந்ததே இல்லை.