கதவுக்குள்ள ஒரு சத்தம்

பின்னாடி வேணாம் தம்பி, முன்னாடி வாங்க. எனக்குப் பக்கத்து சீட்ல. சத்தம் அங்கதான் வருது, பின்னாடி உட்கார்ந்தா என்னத்தக் கேப்பீங்க? பெல்ட்டைப் போட்டுக்குங்க, இல்லேன்னா வண்டி கத்த ஆரம்பிச்சிடும். ம், அவ்வளவுதான். அந்த ஃபைலை மடியில வச்சுக்காதீங்க. அப்புறம் காகிதம் உரசுறதையே சத்தம்னு எழுதிடுவீங்க. பின் சீட்ல போடுங்க.

ரேடியோவை நிறுத்திட்டேன். ஏசியும் கிடையாது. கொஞ்சம் வேர்க்கும், பொறுத்துக்குங்க, இருபது நிமிஷம்தான். பாலம் ஏறி இறங்கி, குடோன் ரோட்டுல போயி, கல்லு பதிச்ச தெரு வழியா உங்க ஒர்க்‌ஷாப் வாசலுக்கே கொண்டு வந்து விட்டுர்றேன். இந்த வழி எனக்கு மனப்பாடம். உங்க ஆளுங்க ஒன்பது பேரு இதே சீட்ல உட்கார்ந்து இதே வழியில வந்திருக்காங்க. நீங்க பத்தாவது.

என்னைப் பத்தி சொல்லித்தானே அனுப்பியிருப்பாங்க? அட, சங்கடப்படாதீங்க. சத்தக்காரர் வந்துட்டாருன்னு கவுண்ட்டர்ல இருக்கிற பொண்ணு உள்ள குரல் குடுத்தது எனக்கும் கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. கோபமெல்லாம் இல்ல. நானும் இதே கம்பெனி வண்டிய இருபத்தாறு வருஷம் ஷோரூம்ல நின்னு வித்தவன்தான். நாங்களும் கஸ்டமருக்கெல்லாம் பேர் வச்சுக் கூப்பிட்டவங்கதான்.

தெரியாதா? புது ஆளு, எப்படித் தெரியும். ரெண்டு மாசம்தானே ஆச்சு நீங்க தலைமை மெக்கானிக்கா வந்து?

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் சேர்ந்தப்போ கம்பெனி அந்தக் குடும்பத்துக்கிட்டயே இருந்துச்சு. ஆரம்பிச்சவரோட பேரன் நடத்தினாரு. அப்பல்லாம் வண்டி விக்கிறதுக்கு நான் பேசவே மாட்டேன். கஸ்டமர் வருவாரு, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறப்பேன், உள்ள உட்காரச் சொல்லுவேன், கதவைச் சாத்துவேன். சாத்திட்டு வாயை மூடிக்கிட்டு நிப்பேன். தப்புன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி. அவ்வளவுதான், ஆள் மாட்டினாரு. நான் வெளிய நின்னுக்கிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். பத்து வரைக்கும் எண்ணினதே கிடையாது. அதுக்குள்ள கண்ணாடிய இறக்கி, எப்ப கிடைக்கும்னு கேட்டுடுவாரு.

அப்புறம் லாரி பண்றவங்க வாங்கினாங்க. லாரிக்காரங்களத் தப்பு சொல்லல, அவங்களுக்கு ஓடணும், அவ்வளவுதான். கதவுக்குள்ள வைக்கிற கம்பளிய எடுத்துட்டாங்க. சத்தம் மாறிப்போச்சு. தப்புன்னு விழுந்தது போயி டொக்குன்னு ஆயிடுச்சு. முதல் தடவை அதக் கேட்டப்போ கதவு சரியாச் சாத்தலையோன்னு திரும்பத் திறந்து சாத்தினேன். கஸ்டமர் முன்னாடியே. அதுக்கப்புறம்தான் பேசக் கத்துக்கிட்டேன். கதவு சாத்துற அந்த ஒரு நொடியில சரியா, சார் வீட்டுல எத்தனை பேருன்னு கேப்பேன். அவர் பதில் சொல்ற அவசரத்துல டொக்கு காதுல விழாது. கதவு பேசின காலத்துல நான் சும்மா இருந்தேன், கதவோட குரல் கெட்டதும் நான் வாய் திறந்தேன். அதுலேர்ந்து இந்த வாய் மூடவே இல்ல, பாக்கறீங்கல்ல.

ஏதாவது கேக்குதா? இன்னும் இல்லையா? இருங்க, பாலம் இப்பத்தான் வருது.

லாரிக்காரங்க ஒரு எட்டு வருஷம். அப்புறம் எதையுமே பண்ணாத ஒரு கூட்டம் வாங்குச்சு. அவங்க தொழிலே கம்பெனி வாங்கி கம்பெனி விக்கிறதுதான். அதுல ஒருத்தராவது இந்த வண்டியில ஏறி உட்கார்ந்திருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம். இதோ உங்க முன்னாடி மரம் மாதிரி ஒரு பலகை இருக்கே, அதுல ஓரமா ஒரு முடிச்சு தெரியுதா? கண்ணு மாதிரி? அழகா இருக்குல்ல? ஷோரூம்ல மூணு வண்டிய வரிசையா நிறுத்தியிருந்தோம். மூணுலயும் அதே இடத்துல அதே முடிச்சு. மரம் இல்ல தம்பி, மரத்தோட போட்டோ. பிளாஸ்டிக்ல ஒட்டியிருக்காங்க. மூணு வண்டியையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தக்கூடாதுன்னு நானே மேனேஜர்கிட்ட சொல்லி இடம் மாத்த வச்சேன். அந்தப் பாவமும் பண்ணியிருக்கேன்.

இப்ப இருக்கிறவங்க நாலாவது. அவங்க வந்ததும் கைப்பிடி உரிய ஆரம்பிச்சுது, சீட்டுத் தோல் சுருங்க ஆரம்பிச்சுது, ஸ்டெப்னி டயர எடுத்துட்டு அந்த இடத்துல பஞ்சர் அடைக்கிற பசை டப்பா ஒண்ணை வச்சாங்க. முன்னாடி இருக்கிற பேட்ஜ் மட்டும் மாறல. சொல்லப்போனா கொஞ்சம் பெருசாச்சு.

அப்ப எதுக்கு நீங்களே வாங்கினீங்கன்னு கேக்கறீங்க. எல்லாரும் கேக்கறதுதான். ரிட்டயர் ஆகறப்போ வேலை பார்த்தவங்களுக்கு விலை குறைச்சுத் தந்தாங்க. இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் கதவு திறந்து விட்டாச்சு, ஒருநாள் நாமளும் உள்ள உட்கார்ந்து பார்ப்போமேன்னு ஒரு ஆசை. ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லணும். கண்ணாடி மட்டும் இன்னும் பழைய கண்ணாடிதான். ரெண்டு அடுக்கு, வெளிச் சத்தம் உள்ள வராது. தட்டிப் பாருங்க. அதை எடுக்க எப்படியோ மறந்துட்டாங்க.

என் வீட்டுக்காரிக்கு இதுல இஷ்டமே இல்ல. ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டின்னா. பசங்க கிடையாது எங்களுக்கு. ஆனா வண்டி வந்த அன்னைக்கு, இதே சீட்ல உட்கார்ந்து கதவைச் சாத்தினதும், என்னங்க இது, காது அடைச்ச மாதிரி இருக்குன்னா. அவ வேலை பார்த்தது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்துல. ஆள் உயரத்துக்கு மெஷின், பகல் பூரா கடகடன்னு சுத்தும். அங்க சைகையிலதான் பேசிப்பாங்க. வீடு ரயில் யார்டுக்குப் பின்பக்கம், இன்ஜின் மாத்துற சத்தம் ஓயவே ஓயாது. ராத்திரி அதுக்கு மேல என் குறட்டை. இடி விழுந்தாலும் தெரியாத குறட்டைன்னு அவளே சொல்லுவா. அதனால ஞாயித்துக்கிழமை ஆனா, எங்கயாவது சும்மா ஓட்டிட்டுப் போங்கன்னு சொல்லி ஏறி உட்கார்ந்துக்குவா. பேச மாட்டா. அந்த அமைதிய அனுபவிப்பா.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைதான், இந்தப் பாலத்து மேலயே, என்னங்க ஏதோ சத்தம் வருதுன்னா.

எனக்குக் கேக்கல. எப்படி இருக்குன்னு கேட்டேன். கதவுக்குள்ள யாரோ உட்கார்ந்துக்கிட்டு துணிய உதறுற மாதிரி இருக்கு, உஷ், உஷ்னு விட்டு விட்டு வருதுன்னா. மத்த புருஷனா இருந்தா, உனக்கு ஏதோ பிரமைன்னு சொல்லிட்டுப் போயிருப்பான். நான் ஒரு நொடிகூட சந்தேகப்படல. கம்பெனி எதையெல்லாம் எடுத்திருக்கான், எதையெல்லாம் ஒட்டியிருக்கான்னு தெரிஞ்சவன் நான். சத்தம் வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

அடுத்த நாளே உங்க இடத்துக்கு வந்துட்டேன். முதல் ஆளு உட்கார்ந்தாரு, சத்தம் இல்லைன்னு எழுதினாரு. நான் கையெழுத்துப் போடல. ரெண்டாவது ஆளு கதவோட உள்பக்கத்தையே கழட்டினாரு, கிளிப்பெல்லாம் மாத்தினாரு. அப்பவும் அவளுக்குக் கேட்டுச்சு. அப்புறம் நானே ஆராய்ச்சியில இறங்கினேன். வேகமாப் போனா சத்தம் எப்படி வருதுன்னு கேட்டேன். அதுவும் வேகமா வருதுன்னா. நான் லாரி எதையாவது முந்தினா படபடன்னு அடிச்சுக்குதுன்னா. ஆஹா, அப்ப சக்கரத்துலதான் கோளாறுன்னு பேரிங் மாத்த வச்சேன். சிக்னல்ல நின்னாலும் மெதுவா வருதுன்னா. அப்ப இன்ஜின் ஃபேன். அதையும் பார்க்க வச்சேன். ஒருநாள், உங்க பக்கம் திரும்பினா நின்னுடுதுங்கன்னா. பாருங்க, கதவுப் பக்கம்தான்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சு போச்சு. அதுலேர்ந்து வழி பூரா என் பக்கமே பார்த்துக்கிட்டு வருவா. முப்பத்து மூணு வருஷத்துல என் முகத்தை இவ்வளவு நேரம் நீ பார்த்ததே இல்லைன்னு கேலி பண்ணுவேன்.

இதோ குடோன் ரோடு. நல்லாக் கேளுங்க. தலையக் கொஞ்சம் கதவுப் பக்கம் சாய்ச்சுக்குங்க. இல்லையா?

எட்டு மாசம் தம்பி. கம்பெனிக்குப் பதினாலு லெட்டர் போட்டேன். உங்க ஆளுங்களச் செவிடங்கன்னு திட்டினேன். ஒருத்தரு, பாவம், நல்ல மனுஷன், அம்மாவுக்கு ஒருவேளை காதுல ஏதாச்சும்னு இழுத்தாரு. என் பொண்டாட்டி பொய் சொல்றாளான்னு சட்டையப் பிடிக்காத குறையா எகிறிட்டேன். உங்க மேனேஜர் வந்து விலக்கி விட்டாரு. அன்னைக்குத் திரும்பி வர்றப்போ அவ சொன்னா, எல்லாரும் இல்ல இல்லன்னுதான் சொல்றாங்க, நீங்க ஒருத்தர்தான் என்னை நம்பறீங்கன்னு. எனக்கு அப்படி ஒரு பெருமை.

அவங்க இன்னைக்கு ஏன் வரலையா? சொல்றேன். கல்லுத் தெரு வந்தாச்சு, கொஞ்சம் ஆடும். இந்த இடத்துல அந்தக் காலத்துல நான் பாட்டு வால்யூமக் கொஞ்சம் ஏத்தி விட்டுருவேன், டெஸ்ட் டிரைவ் வந்தவங்களுக்கு ஆட்டம் தெரியக்கூடாதுன்னு.

கண்ணாடி மாத்தணும்னு கண் டாக்டர்கிட்ட போனோம். எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னா. அவரு லைட் அடிச்சு ரொம்ப நேரம் பார்த்தாரு. பார்த்துட்டு, உங்களுக்குக் காதுல ஏதாவது சத்தம் கேக்குதாம்மான்னாரு. இவ சிரிச்சுக்கிட்டே, காதுல இல்ல டாக்டர், எங்க கார்லதான் கேக்குதுன்னா. அவரு சிரிக்கல. அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. அங்க ஒரு டாக்டரு அந்தக் குழாய நெஞ்சுல வைக்காம இவ காதுக்குப் பின்னாடி வச்சாரு. கேட்டுட்டு, நீங்களும் கேளுங்கன்னு என் காதுல மாட்டி விட்டாரு.

உஷ், உஷ்னு கேட்டுச்சு தம்பி. துணிய உதறுற மாதிரியேதான். அவ சொன்னது அச்சு அசலா சரி.

தலைக்குள்ள ரத்தக் குழாய் ரெண்டு சேரக்கூடாத இடத்துல சேர்ந்திருக்காம். நாடி துடிக்கிறப்பல்லாம் அந்தச் சத்தம். நான் லாரிய முந்தறப்போ அவளுக்குப் பயத்துல நெஞ்சு அடிச்சுக்கும், சத்தமும் வேகமா வரும். கழுத்தை என் பக்கம் திருப்பினா எங்கயோ அழுந்தி நின்னுடும். சலவைக்கூடத்துல கேக்காது, வீட்டுல கேக்காது, என் குறட்டைக்கு நடுவுல எங்க கேக்கப்போகுது. இந்த வண்டிக்குள்ள மட்டும்தான் கேட்டுச்சு. இது ஒண்ணுதான் அவ வாழ்க்கையில அவ்வளவு அமைதியான இடம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா சுலபமா அடைச்சிருக்கலாம்னாங்க. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க. அந்த நாள் வரைக்கும் அவ தாங்கல.

ஆச்சு, நாலு மாசம் ஆயிடுச்சு.

இல்ல தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல, ஓட்டிடுவேன். இதோ உங்க வாசல் வந்தாச்சு. அவ போனப்புறமும் இந்த மனுஷன் ஏன் சத்தம் சத்தம்னு வர்றான்னு உங்களுக்குத் தோணும். வண்டியிலயும் ஒரு சத்தம் இருந்திருக்கலாம்ல? சின்னதா ஒண்ணு? இந்தச் சீட்ல உட்கார்ற யாராவது ஒருத்தர் ஆமான்னு சொல்லிட்டா, நான் தேடினது முழுத்தப்பு இல்லைன்னு ஆயிடும். அதுக்குத்தான் வர்றேன்.

என்ன? லேசாக் கேக்குற மாதிரி இருக்கா?

வேணாம் தம்பி. உங்க நல்ல மனசு புரியுது. ஆனா விக்கிறவன்கிட்டயே விக்காதீங்க. இல்லாததை இருக்குன்னு சொல்ற அந்த முகத்தை வச்சுத்தான் இருபத்தாறு வருஷம் நான் பொழைச்சேன், எனக்குத் தெரியாதா? ஃபைலை எடுங்க. சத்தம் எதுவும் இல்லைன்னு எழுதுங்க. எழுதிட்டுக் குடுங்க, இந்தத் தடவை கையெழுத்துப் போடறேன். அந்த ஒன்பது பேரு எழுதின ரிப்போர்ட்டும் ஃபைலுக்குள்ளதானே இருக்கு? அதையும் குடுங்க. எல்லாத்துலயும் போட்டுடறேன். அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க.

சரி, இறங்குங்க, உங்களுக்கும் வேலை கிடக்கும். இறங்கினதும் கதவை ஒருதடவை சாத்துங்க. மெதுவா வேணாம், எல்லாரும் சாத்துற மாதிரியே சாத்துங்க. நான் எதுவும் பேச மாட்டேன்.