ஏரி நடுவுல ஒரு ரோடு

கெங்கம்மா: அத்தக் கீழ வையி அண்ணாச்சி.

ராசையா: எத?

கெங்கம்மா: கையில கீதே, தண்ணி பாட்டிலு. குவாரி கம்பெனிக்காரன் குட்த்தது. கூட்டத்துல அவன் டீ, போண்டா, தண்ணி எதையும் தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன?

ராசையா: கூட்டந்தான் முடிஞ்சிட்டேக்கா. இனிமே தொட்டா என்ன, தொடாட்டி என்ன... தொண்டை காயுது.

கெங்கம்மா: வாயே தொறக்காத தொண்ட எப்பிடிக் காயும்?

ராசையா: நீங்க மட்டும் தொறந்தியளாக்கும்? இந்தா, வச்சிட்டேன். போதுமா?

சாலமோன்: யக்கா, கொஞ்சம் எந்திரி. அண்ணாச்சி, நீயுந்தான். சேரு அடுக்கணும். சாய்ங்காலம் இதே மண்டபத்துல வளைகாப்பு கீது.

கெங்கம்மா: ரெண்டு சேருக்கு இன்னா அவசரம் சாலமோனு? மொதல்ல போயி உன் மைக்செட்டக் கழட்டு.

சாலமோன்: அது எப்பவோ கழட்டியாச்சி. நான் இன்னோன்னு கேக்கணும்... கேக்கலாமா?

கெங்கம்மா: வாணாம்னா வுட்டுடப் போறியா?

சாலமோன்: "கொல்லச்சேரிக்காகத் தாங்கல்மேடு வார்டு மெம்பர் கெங்கம்மா"ன்னு உன் பேர ரெண்டு வாட்டி கூப்ட்டாரு ஆபீசரு. நான் மைக்க கையில வச்சிகினு உன் மூஞ்சையே பாத்துகினு நிக்கிறேன். நீ தரையப் பாக்கற.

கெங்கம்மா: தல சுத்திச்சி.

சாலமோன்: அப்பால "தாங்கல்மேட்டுக்காகக் கொல்லச்சேரி மெம்பர் ராசையா"ன்னாரு. அண்ணாச்சியும் தரையப் பாக்கறாரு. அவருக்கும் தல சுத்திச்சா?

ராசையா: வேலையப் பாருப்பா.

சாலமோன்: எனக்கு இன்னா, நான் மைக் செட்டு. ஆனா அது இன்னா, உன் ஊருக்கு அவரு, அவரு ஊருக்கு நீ? மாத்திக் கூப்டறாங்களோன்னு நெனச்சேன்.

கெங்கம்மா: மாத்தல. நாங்க வச்ச ரூலு அது. எல்லை ஏரி பாதி எங்களுது, பாதி அவங்களுது. மதகு தொறக்கறதுக்கு மண்டைய ஒடச்சிகினு கெடந்த ஊருங்க ரெண்டும். இந்தக் குவாரி வருதுன்னதும்தான் ஒண்ணா குந்தினோம். அவனவன் தன் ஊருக்குப் பேசினா சுயநலம்பாங்க. அதனால அவங்க கஷ்டத்த நான் சொல்லணும், எங்க கஷ்டத்த அண்ணாச்சி சொல்லணும்.

சாலமோன்: நல்லாத்தான் கீது. சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

ராசையா: போறியா இல்லையா?

சாலமோன்: தோ போய்க்கினே கீறேன். ரெண்டு சேர வுட்டுட்டுப் போறேன், குந்துங்க.

கெங்கம்மா: வாயப் பாரு அவனுக்கு.

ராசையா: அவன் சொன்னதுல என்ன தப்பு? பேசியிருந்தா நின்னுருக்கும்.

கெங்கம்மா: இன்னாத்த நின்னுருக்கும்? ஏரியில கிராவல் மண்ணு எடுக்கறதுன்னு எல்லாம் மேல முடிஞ்சி பூட்ச்சி. ஊரு வாய அடைக்க ஒரு கூட்டம். அவ்ளதான்.

ராசையா: நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன். டென்னிஸ் தெரியும்லா, ஆபீசருக்குக் கார் ஓட்டுதவன்? இப்ப வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறான். ஒண்ணுமே முடியலையாம்.

கெங்கம்மா: இன்னா முடியல?

ராசையா: ரெண்டு ஊரும் சேந்து வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா ஃபைலத் திருப்பிரணும்னு மேல இருந்து உத்தரவாம். காலையில கார்ல வரும்போது போன்ல அதத்தான் பேசிட்டு வந்தாராம். ரெண்டும் சேரக்கூடாதுன்னு கவலையாவே இருந்தாராம்.

கெங்கம்மா: பொய்யி.

ராசையா: அவனுக்கு நம்மட்ட பொய் சொல்லி என்ன ஆவணும்?

கெங்கம்மா: இல்ல அண்ணாச்சி, பொய்யி. ஆர்டரு ரெடி, ரூட்டு மட்டுந்தான் பாக்கின்னு... அப்பிடின்னு ஊர்ல பேசிக்கினாங்க.

ராசையா: ஊர்லயா?

கெங்கம்மா: ஊர்லதான். டீக்கடையில. எங்க வேணா பேசிக்குவாங்க, இன்னா இப்ப?

ராசையா: ஒண்ணும் இல்ல.

கெங்கம்மா: மெய்யாலுமே டென்னிசு சொன்னானா?

ராசையா: எம் பிள்ளைய மேல சத்தியமா.

கெங்கம்மா: அய்யோ... ஒரே ஒரு வார்த்தையா? வேணாம்னு ஒரு வார்த்த?

ராசையா: அதுக்குத்தான இத்தன மாசம் அலைஞ்சோம். இந்தப் பக்கம் கடல் உப்பு, அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல். நல்ல தண்ணின்னு நமக்கு இருக்கது இந்த ஏரி ஒண்ணுதான்னு வீடு வீடாப் போயி எழுதி... நீங்க எங்க ஊர்க் கெணறு ஒவ்வொண்ணாக் குடிச்சுப் பாத்து, வயித்தால போயி ஆஸ்பத்திரில கெடந்திய.

கெங்கம்மா: நீ மட்டும் இன்னா? அஜீசுன்னிசா வூட்டுக் கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு, சக்கர போட்டியாம்மான்னு கேட்ட. அந்தப் பொம்பளைக்கு ஒரே சிரிப்பு. இந்த ஏரி நெறஞ்சாத்தான் எங்க கெணறு இனிக்கும் பாயின்னா.

ராசையா: என்னப் போயி பாயின்னுச்சி.

கெங்கம்மா: ஒரே தட்டுல பிஸ்கோத்து வச்சிட்டு, ரெண்டு ஊருக்காரங்க ஒரே வூட்ல குந்தி டீ குடிக்கிறத இப்பதான் பாக்கறேன்னு சொல்லிச்சே... அது மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?

ராசையா: தெரு அளந்தது நினப்பிருக்கா?

கெங்கம்மா: மறக்க முடியுமா? கொத்தனாரு டேப்ப வச்சிகினு நீ இந்த முனை, நான் அந்த முனை. ஆட்டோக்காரன்லாம் ஆரனடிக்கிறான். நாம பாட்டுக்கு நடுரோட்ல. லாரி போற அளவுக்கு ரெண்டு ஊர்லயும் தெருவே இல்லன்னு காட்டறதுக்கு அளந்தோம்.

ராசையா: காட்டத்தான் அளந்தோம்.

கெங்கம்மா: இப்ப இன்னா ஆச்சி? தெருவுல லாரி வாணாம்னு ரெண்டு ஊரும் கேட்டுக்கினதால, ஏரி நடுவுல கரை கொட்டி அது மேல ரோடாம். ஏரியக் குறுக்கால வெட்டி ரெண்டாக்கறான். உன் பக்கத்துத் தண்ணி உன் பக்கம், என் பக்கத்துத் தண்ணி என் பக்கம். நாலு கோடை தாங்குமா அண்ணாச்சி?

ராசையா: ரெண்டு தாங்கினா பெரிசு.

கெங்கம்மா: ஆபீசரு இன்னா சொன்னாரு, நல்லாக் கேட்டியா? "ரெண்டு ஊர்ப் பிரதிநிதிகளும் குவாரியை எதிர்க்கவில்லை, வழியைத்தான் எதிர்க்கிறார்கள்." எவன் சொன்னான் அவருகிட்ட? டில்லிபாபுதான். வேற யாரு? எங்க ஊரு தலைவருன்னு பேரு, ஆபீசருங்களப் பாத்தா பல்ல இளிச்சிகினு போயிடுவான். அவந்தான் வத்தி வச்சிகீறான்.

ராசையா: இருக்கலாம்.

கெங்கம்மா: இன்னா இருக்கலாம்? அவனேதான். வா, ரெண்டு பேரும் நேரா அவன் வூட்டுக்கே போலாம். பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி...

ராசையா: உக்காருங்கக்கா.

கெங்கம்மா: வுடக்கூடாது அண்ணாச்சி.

ராசையா: உக்காருங்க. டில்லிபாபு இல்ல.

கெங்கம்மா: உனக்கு எப்பிடித் தெரியும்?

ராசையா: அந்த ஆளு எங்கடைக்கு வந்தாரு.

கெங்கம்மா: எந்த ஆளு?

ராசையா: ஆபீசர். போன வாரம். பொட்டணம் மடிச்சிட்டு இருக்கேன், எதுக்க வந்து நிக்காரு. கலர் வேண்டாம், மோர் போதும்னாரு. ஸ்டூல்ல உக்காந்து நல்லா பேசுனாரு. கடைசில சொன்னாரு... நீங்க இப்பச் சொன்னியளே, அதே வார்த்த. ஆர்டர் ரெடி, ரூட்டு மட்டுந்தான் பாக்கின்னு. நாளைக்கு உங்க கடைத்தெருவ அகலப்படுத்தணும்னா ரெண்டு பக்கமும் கடைய இடிப்பாவ, வேற வழி எதும் தெரியுமா, நீங்கதான் ரெண்டு ஊரையும் சுத்துன ஆளாச்சேன்னாரு. அக்கா, எனக்குக் கண்ணு இருட்டிட்டு. திருவொற்றியூர்ல ரோட்ட அகலமாக்குதோம்னு எங்கப்பா கடைய இடிச்சப்ப நான் தராசத் தூக்கிட்டுத் தெருவுல நின்னவன். அப்பா அதுலருந்து எந்திரிக்கவே இல்ல. இன்னொருக்க என்னால நிக்க முடியாது. எம் வீட்டுக்காரி செல்லக்கனி ஆபரேசன் முடிஞ்சி வந்திருக்கா. கடையும் போனா வீட்ல அடுப்பு எரியாது.

கெங்கம்மா: எந்தத் தெருவச் சொன்ன?

ராசையா: அக்கா...

கெங்கம்மா: எங்க ஊர்ல எந்தத் தெருவச் சொன்ன அண்ணாச்சி?

ராசையா: பள்ளிக்கூடத் தெரு.

கெங்கம்மா: எங்க தெரு.

ராசையா: ஆமா.

கெங்கம்மா: எம் பொண்ணு மகிழினிக்கு வீசிங்கு. தெரியும் உனக்கு.

ராசையா: தெரியும். உங்க வீட்டுக்காரரு, கோதண்டம், எண்ணூர் ரோட்ல ட்ரெய்லர் லாரில அடிபட்டுப் போனதும் தெரியும். நீங்க சொல்லி அழுதது எங்கடை வாசல்லதான். எல்லாந் தெரிஞ்சுதான் சொன்னேன். எத்தன அடின்னு கேட்டாரு. இருபத்திரண்டு அடி, லாரி தாராளமாப் போவும்னேன். நாம அளந்த அளவு, வாயில நின்னுச்சி. வந்துச்சி. திட்டுங்கக்கா.

கெங்கம்மா: ...

ராசையா: மேடையில அவரு "ரெண்டு ஊரும்"னு சொன்னதும் எனக்கு ஒடம்பெல்லாம் வேத்துட்டு. நான் ஒருத்தன் சொன்னத ரெண்டாக்கிட்டாரேன்னு நெனச்சேன். உடனே எந்திரிச்சி, கொல்லச்சேரி மெம்பர் பொய்யா சொல்லிட்டாரு, எங்களுக்குக் குவாரியே வேண்டாம்னு நீங்க கத்துவியன்னு பாத்துட்டே இருந்தேன். கத்தியிருந்தா உங்க காலப் பிடிச்சிருப்பேன். எந்திரிக்கவே இல்லயே நீங்க.

கெங்கம்மா: நானும் உன்னியதான் பாத்துகினு இருந்தேன்.

ராசையா: என்ன எதுக்கு? எம் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டிய, அதான் மனசு விட்டுப் போயி உக்காந்துட்டியன்னு நெனச்சேன். அதுவரைக்கும் உங்கள என்னன்னு கூப்பிட்டேன்? அக்கான்னு. கூடப் பொறந்தவளுக்குச் செய்யுத வேலையா இது? செருப்பக் கழட்டி அடிங்க. சாலமோன் பாத்தாலும் பரவால்ல.

கெங்கம்மா: அண்ணாச்சி.

ராசையா: சொல்லுங்க.

கெங்கம்மா: அந்த பாட்டில இப்பிடி எடு.

ராசையா: கம்பெனிக்காரன் தண்ணிக்கா.

கெங்கம்மா: தெரியும். எடு.

ராசையா: ...இந்தாங்க. மெதுவாக் குடிங்க. பொரை ஏறப்போவுது.

கெங்கம்மா: ஆபீசரு உன் கடையில மோரு குடிச்சாருன்ன.

ராசையா: ஆமா.

கெங்கம்மா: காலையிலயா, சாய்ங்காலமா?

ராசையா: சாயங்காலம். ஏன்?

கெங்கம்மா: எங்கியோ டீ குடிச்சிட்டு வரேன், இன்னோன்னு வாணாம்னு சொன்னாரா?

ராசையா: சொன்னாரு... அது எப்பிடி உங்களுக்கு...

கெங்கம்மா: உன் கடத்தெரு இருபத்தாறு அடி அண்ணாச்சி. எங்க வூட்டு வாசப்படியில குந்தி டீ குடிச்சிகினே எத்தினி அடின்னு கேட்டாரு. நான் மூச்சு வுடாம சொன்னேன். அளந்தப்போ, அந்த டேப்போட இன்னொரு முனைய நான்தான புடிச்சிகினு இருந்தேன்.